பஸ்கா சமையலில் தவிர்க்க வேண்டிய தவறுகள்: முதலில் அந்தப் பெருங்காய டப்பா

இஸ்ரேலில் வயதானவர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்கு வரும் நம் ஊர்க்காரர்கள், புளித்த மாவை விலக்கி யூதர்கள் கொண்டாடும் பஸ்கா பண்டிகை நெருங்கினால் என்னைக் கூப்பிடுகிறார்கள். நான் வந்த புதிதில் இடறிய அதே இடங்களில்தான் அவர்களும் இடறுகிறார்கள். பிரெட், பிஸ்கட், பீர் ஆகாது என்பது முதல் வாரத்திலேயே தெரிந்துவிடும், அதை எழுதப் போவதில்லை. வீட்டுக்காரர்கள் சொல்ல மறப்பதும், நம் கைப்பழக்கத்தால் கெடுவதும் மட்டும் இங்கே.

பெருங்காயம்

இதை நீளமாகவே எழுதுகிறேன். இன்னும் நடக்கிறது, நடக்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது.

பஸ்காவில் விலக்கு என்றால் ஹமேட்ஸ். கோதுமை, பார்லி, ஸ்பெல்ட், ரை, ஓட்ஸ் இந்த ஐந்தில் எந்த மாவிலும் தண்ணீர் பட்டு, பிசையாமல் 18 நிமிஷம் சும்மா கிடந்தால் புளித்ததாகக் கணக்கு. மட்சா என்கிற புளிக்காத அப்பத்தைச் சுடுகிறவர்கள் மாவில் தண்ணீர் ஊற்றியதும் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு ஓடுவது இதனால்தான். இப்போது உங்கள் பெட்டியில் இருக்கும் பெருங்காய டப்பாவைத் திருப்பி, பின்னால் பொடி எழுத்தில் இருப்பதைப் படியுங்கள். கூட்டுப் பெருங்காயத்தில் பெருங்காயப் பிசினோடு மாவும் சேர்த்திருப்பார்கள். சிலதில் அரிசி மாவு, பலதில் கோதுமை மாவு அல்லது மைதா.

எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் நடந்தது. வந்து சில மாதமே ஆன பெண். பஸ்காவின் மூன்றாம் நாள், மட்சாவும் உருளைக்கிழங்கும் தின்று நாக்கு செத்துப்போய், பாட்டி தூங்கும் நேரத்தில் தனக்கு ரசம் வைத்திருக்கிறாள். தக்காளி, பூண்டு, மிளகு எல்லாம் அந்த வீட்டுச் சாமான். தன் பெட்டியிலிருந்து எடுத்தது ஒரு சிட்டிகை பெருங்காயம் மட்டும். பாத்திரமோ வருஷம் முழுக்கப் பரணில் கிடந்து, இந்த ஒரு வாரத்துக்கு மட்டும் இறங்கி வருகிற பஸ்கா பாத்திரம். சுத்தமாகக் கழுவி, இருந்த இடத்தில் வைத்தும் விட்டாள். மறுநாள் காலை அதே பாத்திரத்தில் பேரன் பேத்திகள் எல்லோருக்குமாகக் கோழி சூப் கொதித்தது. மகள் உள்ளே வந்ததும் வாசனையைப் பிடித்துவிட்டார். டப்பாவை வாங்கிப் படித்தார், ரப்பிக்கு, அதாவது யூத மதகுருவுக்கு, போன் போட்டார். சூப் முழுவதும் கீழே போனது. பாத்திரம், கரண்டி எல்லாவற்றையும் கட்டி ஒதுக்கினார்கள். பாட்டி அன்று சாப்பிடவே இல்லை.

"ஒரு சிட்டிகைதானே அக்கா" என்று அந்தப் பெண் என்னிடம் அழுதாள். அந்தச் 'சிட்டிகைதானே'தான் தவறு. மற்ற நாட்களில், ஆகாத பொருள் தவறிச் சமையலில் விழுந்தால், அதைப் போல் அறுபது மடங்கு நல்ல பொருள் இருந்தால் பெரும்பாலும் கரைந்ததாக விட்டுவிடுவார்கள். பஸ்கா தொடங்கிய பிறகு ஹமேட்ஸுக்கு அந்தச் சலுகை இல்லை. ஆயிரத்தில் ஒரு துளி என்றாலும் அது ஹமேட்ஸ்தான். சூட்டில் உறிஞ்சியதைப் பாத்திரம் சூட்டிலேயே வெளிவிடும் என்பது இன்னொரு விதி, அதனால்தான் கழுவியது கணக்கில் வரவில்லை. பண்டிகைக்கு முன்பாக இருந்தால் உலோகப் பாத்திரத்தை 24 மணி நேரம் அடுப்பேற்றாமல் வைத்து, தளதளவென்று கொதிக்கும் தண்ணீரில் முக்கி எடுத்துச் சரிசெய்யலாம். மண்பாத்திரத்துக்கு அந்த வழியும் கிடையாது. பண்டிகைக்கு நடுவில் யாருமே கொதிநீரில் முக்கிப் பாத்திரத்தை மீட்பதில்லை.

என்ன செய்யலாம்? பண்டிகைக்கு ஒரு வாரம் முன்பே உங்கள் சாமானை எல்லாம் வீட்டுக்காரரிடம் காட்டிப் பேசுங்கள். யூதரல்லாத உங்களுக்குச் சொந்தமான ஹமேட்ஸ் உங்களுடையதுதான், அது அவர்கள் பொறுப்பில் வராது. ஆனால் தனியாக, கண்ணில் படாமல், மூடி இருக்க வேண்டும். சமையலறைப் பக்கம் வரவே கூடாது. ரவை, சேமியா, சப்பாத்தி மாவு நினைவிருக்கும். சோயா சாஸும் ஹார்லிக்ஸும்தான் மறந்துபோகும்.

அரிசியைக் குப்பையில் போடுவது

பெருங்காயத்தை வைத்துக்கொண்ட அதே பெண், பயந்துபோய்த் தன் அரிசிப் பையைத் தூக்கி எறிந்திருந்தாள். அரிசி ஹமேட்ஸே இல்லை. அரிசி, பருப்பு, கொண்டைக்கடலை, சோளம், எள், கடுகு இவையெல்லாம் கித்னியோத். ஐரோப்பிய வழி வந்த அஷ்கெனாசிகள் இவற்றைப் பஸ்காவில் சாப்பிடுவதில்லை. அது வழக்கத்தால் வந்த விலக்கு. வீட்டில் இருக்கலாம், தவறி ஒரு பருக்கை விழுந்தால் சமையலைக் கொட்ட வேண்டியதும் இல்லை. ஈராக், ஏமன் வழி வந்தவர்களும் நம் பக்கத்துக் கொச்சி யூதர்களும் பஸ்காவில் அரிசி சாப்பிடுகிறவர்கள். மொராக்கோ வழி வந்த வீடுகளில் அரிசியைத் தொடாதவர்கள் உண்டு. ஆகவே வேலைக்குப் போன வீடு எந்த வழி என்று முதலில் கேளுங்கள்.

அரிசி சமைக்கிற வீட்டில் மூன்று முறை பொறுக்கச் சொல்வார்கள். வெள்ளைத் துணியில் ஒரு பிடி பரப்பி, விரலால் ஒவ்வொன்றாகத் தள்ளி, கோதுமை மணி கலந்திருக்கிறதா என்று பார்ப்பது. முறத்தில் புடைத்துப் பழகிய கைக்கு இது பொறுமையைச் சோதிக்கும். ஆனாலும் மூன்று முறையும் பாருங்கள். கோதுமை மணி அரிசியின் நிறத்துக்குப் பக்கத்திலேயே இருக்கும், மேலோட்டமாகப் பார்த்தால் தப்பிவிடும்.

அஷ்கெனாசி வீட்டில் சூப்பைக் கெட்டியாக்கச் சோளமாவு வேண்டாம், உருளைக்கிழங்கு மாவு போடுங்கள். அமெரிக்காவில் கன்சர்வேட்டிவ் பிரிவு ரப்பிகள் 2015-இல் கித்னியோத்தை அனுமதித்தார்கள். அந்தச் செய்தியைப் போனில் காட்டி வீட்டுக்காரரோடு வாதாட வேண்டாம்.

மட்சாவைச் சூப்பில் போடுவது

ஆசாரம் மிகுந்த ஹசிதிக் பிரிவினரின் பல வீடுகளில் மட்சாவில் ஈரமே படக்கூடாது. கேட்டுவிட்டுப் போடுங்கள்.

நீங்களே அடுப்பைப் பற்றவைப்பது

இது வருஷம் முழுவதற்கும் உள்ள விதி, பஸ்காவின் அவசரத்தில் மீறிவிடுகிறோம். யூதரல்லாதவர் மட்டுமே சமைத்ததை ஆசாரமான வீட்டில் சாப்பிட மாட்டார்கள். அஷ்கெனாசி வீட்டில் நெருப்பை அவர்கள் பற்றவைத்தால் போதும். ஸ்பெயின், வட ஆப்பிரிக்கா போன்ற வழி வந்த செஃபார்டி வீட்டில் பாத்திரத்தை அடுப்பில் ஏற்றுவதும் அவர்கள் கையால் நடக்க வேண்டும். முதல் நாள் போன்ற பெருநாட்களில் எரிந்துகொண்டிருக்கும் நெருப்பில் சமைக்கலாம், அவர்கள் புதிதாகத் தீப்பற்ற வைக்கக் கூடாது. எனவே முந்தின நாள் பொழுது சாயும் முன் எது எரிந்துகொண்டிருக்க வேண்டும் என்று கேட்டுத் தயார் செய்துகொள்ளுங்கள்.

ஒயினை ஊற்றிக் கொடுப்பது

உதவி என்று நினைத்துத் திறந்த பாட்டிலைத் தொடாதீர்கள். காய்ச்சாத ஒயினை நாம் ஊற்றினால் ஆசாரமான வீட்டில் அதைக் குடிக்க மாட்டார்கள். பஸ்காவின் தொடக்க இரவில் நடக்கும் சடங்கு விருந்தான செதெரில் ஆளுக்கு நான்கு கோப்பை. அந்த நேரத்தில் பாட்டில் வீணானால் மாற்று கிடைக்காது.

கசப்புக் கீரையை ராத்திரியே ஊறப்போடுவது

செதெரில் கசப்புக்காகப் பலர் நீள இலை லெட்டூஸ் சாப்பிடுகிறார்கள். அதில் பூச்சி இருக்கும் என்று முதல் நாளே தண்ணீரில் போட்டுவிடுகிறோம். 24 மணி நேரம் ஊறியது ஊறுகாய்க் கணக்கு, சடங்குக்கு ஆகாது. வேகவைத்ததும் ஆகாது. சோப்புத் தண்ணீரில் சில நிமிஷம் வைத்து அலசி, இலை இலையாக வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். அசுவினி இலை நிறத்திலேயே, நடுநரம்பின் அடியில் ஒட்டிக்கொண்டிருக்கும். நாம் கீரையைக் கட்டோடு அலசுகிற மாதிரி அலசினால் அது போகாது.

செதெர் தட்டில் வைக்கும் எலும்பு

அஸ்தமனத்துக்கு முன்பே சுட்டு வையுங்கள். பலர் அன்றிரவு அதைச் சாப்பிடுவதில்லை, சாப்பிடாததைப் பெருநாளில் சமைக்க முடியாது, ஆகவே அப்போது சுடக் கூடாது. செதெரில் தொட்டுக்கொள்ளும் உப்புத் தண்ணீரையும் முன்பே கலந்து வையுங்கள்.

டேப் ஒட்டிய அலமாரியைத் திறப்பது

அதற்குள் இருப்பது அந்த வாரம் உங்கள் வீட்டுக்காரருடையது அல்ல. ரப்பி மூலமாக யூதரல்லாத ஒருவருக்கு விற்கப்பட்டது. இஸ்ரேல் அரசும் தன் ஹமேட்ஸை இப்படித்தான் விற்கிறது, பல வருஷங்களாக வாங்கியவர் அபு கோஷ் ஊர் அரபுக்காரர். பஸ்கா இஸ்ரேலில் ஏழு நாள், வெளிநாடுகளில் எட்டு நாள். கடைசி நாள் இருட்டியதும் டேப்பைக் கிழிக்காதீர்கள், ரப்பி திருப்பி வாங்கி முடிக்கக் கொஞ்ச நேரம் ஆகும். அன்றிரவு பிரெட் வாங்க அனுப்பினால், பஸ்காவுக்கு முன் ஹமேட்ஸை விற்றதற்கான சான்றிதழ் மாட்டியிருக்கும் கடைக்கே போங்கள். விற்காமல் யூதர் ஒருவர் கையில் பஸ்காவைக் கடந்த ஹமேட்ஸை அந்த வீட்டில் பிறகும் சாப்பிட மாட்டார்கள்.