நோயின் பெயரை மூளைக்குள் தேடாதீர்கள்

சுங்கை சிப்புட்டில் ஓர் ஒட்டுக்கடை. செம்பனைத் தோட்டத்தில் உதிரிப்பழம் பொறுக்கும் அக்கா ஒருவர், ஐசியோடு (அடையாள அட்டை) மடித்து வைத்திருந்த கிளினிக் சீட்டை என்னிடம் நீட்டினார். 'டிப்ரெஷன்', அதாவது மனச்சோர்வு, என்று எழுதியிருந்தது. "தம்பி, இது மூளையில எந்தப் பக்கம் இருக்கு? காசு போட்டு ஸ்கேன் எடுத்துப் பாத்துரவா?"

பலரும் செய்யும் முதல் தவறு இதுதான். இனிப்புநீருக்கு ரத்தத்தில் ஓர் அளவு உண்டு. மனச்சோர்வுக்கு அப்படி எதுவும் கிடையாது. டாக்டர் ஸ்கேன் எடுக்கச் சொன்னால், கட்டி போன்ற வேறு காரணம் இருக்கிறதா என்று பார்க்கத்தான். அந்தப் பெயர், அறிகுறிகளைச் சேர்த்துக் கட்டிய ஒரு மூட்டை. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் டி.எஸ்.எம். கையேடு 9 அறிகுறிகளைச் சொல்கிறது. அவற்றில் 5 இரண்டு வாரம் இருக்க வேண்டும், அதில் ஒன்று சோகமாகவோ எதிலும் நாட்டமில்லாமையாகவோ இருக்க வேண்டும். ஆக, ஒருத்திக்குத் தூக்கமே வராது, சோறு இறங்காது. இன்னொருத்தி பகலெல்லாம் தூங்குவாள், கண்டதையும் தின்பாள். இருவருக்கும் பொதுவானது ஒரே ஓர் அறிகுறியாகக்கூட இருக்கலாம். ஆனாலும் சீட்டில் அதே பெயர்தான்.

இப்போது ஆய்வுக்கூடத்தை நினைத்துப் பாருங்கள். அந்தப் பெயருள்ள நூறு பேரை வரிசையில் நிறுத்தி, மூளையைப் படம் எடுத்து, சராசரி போடுகிறார்கள். தூங்காதவளும் தூங்கிக்கொண்டே இருப்பவளும் அந்தச் சராசரியில் கரைந்துபோகிறார்கள். மூட்டையைக் கட்டிய விதமே முடிவைக் கலக்கிவிடுகிறது. அதனால், 'மனச்சோர்வுக்கான மூளைப் பகுதி கண்டுபிடிப்பு' என்று வாட்ஸ்அப்பில் வந்தால், யாரை எந்தக் கணக்கில் சேர்த்தார்கள் என்று முதலில் பாருங்கள்.

பெயர்களுக்கு நடுவே சுவர் இருப்பதாக நினைப்பதும் தவறு. மனச்சிதைவு, பைபோலர் (மனநிலை மிகையாக ஏறி இறங்குவது), மனச்சோர்வு, ஆட்டிசம், ஏ.டி.எச்.டி. (கவனக்குறைவு, மிகைத் துடிப்பு) ஆகிய ஐந்துக்கும் சில மரபணு வேறுபாடுகள் பொது என்று 2013-இல் ஒரு பெரிய ஆய்வு காட்டியது. அதே ஆண்டு, அமெரிக்க அரசின் மனநல ஆய்வு நிறுவனத் தலைவர் தாமஸ் இன்செல், டி.எஸ்.எம். பெயர்களை நம்பியே ஆய்வு செய்வதிலிருந்து தங்கள் நிறுவனம் விலகுவதாக அறிவித்தார். பயம், நினைவு, தூக்கம் என்று செயல்களைப் பின்தொடர்வது அவர்கள் எடுத்த வழி.

சரி, பெயரே மனிதர் போட்டதுதானே என்று மருந்தை நிறுத்திவிடாதீர்கள். இதுதான் எல்லாவற்றிலும் ஆபத்தான தவறு. பெயர் மாறலாம், படும் அவதி நிஜம். சிகிச்சைக்கும் விடுப்புக்கும் வழி திறப்பது அந்தப் பெயர்தான். அதையே பட்டமாக்கி, "தஞ்சோங் ரம்புத்தான் கேஸ்" என்று கேலி பேசுவது கொடுமை. அந்த ஊரில் 1911 முதல் இருப்பது ஒரு மனநல மருத்துவமனை.

அக்காவின் சீட்டுக்குப் பின்னால் நான்கு கட்டம் போட்டுக் கொடுத்தேன்: எத்தனை மணி நேரம் தூங்கினார், எவ்வளவு சாப்பிட்டார், வேலைக்குப் போனாரா, யாரிடமாவது பேசினாரா. தினமும் எழுதி அடுத்த முறை டாக்டரிடம் காட்டச் சொன்னேன். முதல் கட்டத்தில் அங்கேயே 'மூணு' என்று எழுதினார்.