கல்ஃபுக்கு கிளம்புறீங்களா? பாஸ்போர்ட் யார்கிட்ட இருக்கணும், பாக்கெட்ல எது இருக்கணும்

கல்ஃபுக்கு புதுசா வர்ற தம்பிங்க கேக்குறது பெரும்பாலும் ரெண்டே கேள்வி தான். வெளிய போகும்போதெல்லாம் பாஸ்போர்ட்ட தூக்கிட்டு போகணுமா, கம்பெனி பாஸ்போர்ட்ட கேட்டா குடுத்துரணுமா. பாஸ்போர்ட் உங்க பெட்டிக்குள்ள உங்க பூட்டுக்கு உள்ள இருக்கணும், அந்த நாட்டு ஐடி கார்டு எப்பவும் சட்டை பாக்கெட்ல இருக்கணும், ரெண்டோட காப்பியும் ஊர்ல வீட்டுல இருக்கணும், அவ்ளோ தான் விஷயம். ஆனா இத சொல்றது ஈஸி, வந்து இறங்குன முதல் வாரத்துலயே நிறைய பேர் இதுல மாட்டிக்கிறாங்க, அதனால கொஞ்சம் விளக்கமாவே எழுதுறேன்.

முதல்ல ஊர்ல இருந்து கிளம்புறதுக்கு முன்னாடி பாஸ்போர்ட்ல பேர பாருங்க. நம்ம ஆளுங்களுக்கு இனிஷியல் தான் வழக்கம், குடும்பப் பேர்னு ஒண்ணு கிடையாது, அதனால பழைய பாஸ்போர்ட் நிறையத்துல சர்நேம் கட்டம் காலியா இருக்கும். 2022 நவம்பர்ல இருந்து துபாய் அபுதாபி பக்கம் விசிட் விசா, டூரிஸ்ட் விசாவுல போறவங்களுக்கு இப்படி ஒத்தப் பேர் பாஸ்போர்ட் பிரச்சனை ஆயிருச்சு, ஏர்போர்ட் கவுண்டர்லயே திருப்பி அனுப்பிருவாங்க. விசிட்ல போய் வேலை தேடலாம்னு நெனச்சு கடன் வாங்கி டிக்கெட் போட்டவன் அங்க நின்னு அழுறத பாக்க முடியாது. அப்பா பேர சர்நேமா போட்டு பாஸ்போர்ட்ட ரீஇஷ்யூ பண்ணிட்டு அதுக்கப்புறம் விசாவுக்கு குடுங்க. அதே பேர் தான் பின்னாடி ஐடி கார்டு, பேங்க், எல்லாத்துலயும் வரும், ஒரு எழுத்து மாறுனா கூட ஒவ்வொரு இடத்துலயும் நின்னு விளக்கம் சொல்லிட்டு இருக்கணும்.

பத்தாவது பாஸ் பண்ணாதவங்க பாஸ்போர்ட் ஈசிஆர்ல, அதாவது எமிக்ரேஷன் கிளியரன்ஸ் தேவைப்படுற வகைல இருக்கும், வேலை விசாவுல வர்றதுன்னா ஈ-மைக்ரேட்னு நம்ம அரசோட வெப்சைட்ல அந்த கிளியரன்ஸ் வாங்கிட்டு தான் வரணும். அப்போ கூடவே பிரவாசி பாரதிய பீமா யோஜனான்னு ஒரு இன்சூரன்ஸ் போடுவாங்க, ரெண்டு வருஷத்துக்கு 275 ரூபா, மூணு வருஷத்துக்கு 375 ரூபா, விபத்துல உயிர் போனாலோ நிரந்தர ஊனம் ஆனாலோ 10 லட்சம் கவர். ஏஜெண்ட் அந்த பேப்பர கைல குடுக்காமலே ஏத்தி விட்ருவான், கேட்டு வாங்கிக்கோங்க. அதுவும் உங்க அடையாளப் பேப்பர்ல ஒண்ணு தான்னு நெனைங்க, ஏன்னா அது வேலைக்கு ஆகுற அன்னைக்கு அத தேட வேண்டியது நீங்க இல்ல, உங்க வீட்டுக்காரங்க.

ஆதார், பான் கார்டு ஒரிஜினல் எல்லாம் ஊர்லயே இருக்கட்டும், அந்த ஊர் போலீஸ்கிட்ட அதுக்கு மதிப்பு கிடையாது. போன்ல போட்டோ இருந்தா போதும்.

இப்போ முக்கியமான விஷயத்துக்கு வர்றேன். ஏர்போர்ட்ல இறங்குன உடனே மந்தூப், அதாவது விசா, ஐடி வேலைய பாக்குற கம்பெனி ஆளு, வந்து வேன்ல ஏத்தும்போதே எல்லார் பாஸ்போர்ட்டையும் வாங்கி ஒரு கவர்ல போட்டுக்குவாரு. மெடிக்கலுக்கும் இக்காமா (அங்க தங்கி வேலை பாக்குறதுக்கான அனுமதி) அடிக்கவும் நெஜமாவே சில நாளுக்கு தேவைப்படும், அத குடுக்க மாட்டேன்னு மல்லுக்கு நிக்க வேண்டாம். ஆனா குடுக்குறதுக்கு முன்னாடி போட்டோ எடுத்துக்கோங்க, முதல் பக்கம், கடைசி பக்கம், விசா, என்ட்ரி ஸ்டாம்ப் நாலும். கடைசி பக்கத்த நிறைய பேர் விட்ருவாங்க, அதுல தான் அப்பா அம்மா பேரு, அட்ரஸ், ஃபைல் நம்பர் இருக்கு, பாஸ்போர்ட் தொலைஞ்சா இந்த ஃபைல் நம்பர் ரொம்ப உதவும். எடுத்துட்டு, "எப்போ திரும்ப கிடைக்கும்ணே"ன்னு வாட்ஸப்ல ஒரு மெசேஜ் போட்டு வைங்க, நேர்ல கேட்டா மட்டும் பத்தாது. தேதியோட ஒரு பதில் அதுல இருந்தா பின்னாடி அது தான் உங்க சாட்சி.

வேலை முடிஞ்சதும் திருப்பிக் குடுத்தாகணும், அது அவங்க பண்ற உதவி கிடையாது, சட்டம். யுஏஇ-யோட (துபாய், அபுதாபி எல்லாம் இருக்குற எமிரேட்ஸ் நாடு) 2021 தொழிலாளர் சட்டத்துல 13வது பிரிவு தொழிலாளியோட டாக்குமெண்ட்ட முதலாளி பிடிச்சு வெக்கக்கூடாதுன்னு சொல்லுது. கத்தார்ல 2015-ல வந்த 21ம் நம்பர் சட்டப்படி பிடிச்சு வெச்சா 25,000 ரியால் வரைக்கும் அபராதம். ஆனா கத்தார் சட்டத்துல ஒரு சந்து இருக்கு, தொழிலாளி தானா எழுதிக் கேட்டா கம்பெனி வெச்சுக்கலாம். அதனால தான் முதல் நாள் பத்து பேப்பர்ல கையெழுத்து வாங்கும்போது அரபில ஒரு பேப்பர் நடுவுல வரும், பாஸ்போர்ட்ட கம்பெனி பாதுகாப்புல வெக்க சம்மதம்னு. என்ன பேப்பர்னு தெரியாம கையெழுத்து போடாதீங்க, போன்ல கேமராவ காட்டுனா அரபிய தமிழ்ல படிச்சு காட்டுற ஆப் இருக்கு, ரெண்டு நிமிஷம் ஆகும், பின்னாடி நிக்கிறவன் முறைச்சா முறைச்சுட்டு போகட்டும். ஏற்கனவே கையெழுத்து போட்டவங்களும் பயப்பட வேண்டாம், எப்போ வேணா எழுதிக் குடுத்து திருப்பி கேக்கலாம்.

"கேம்ப்ல திருட்டு போயிரும், எங்ககிட்ட தான் சேஃப்"னு சொல்லுவாங்க. நமக்குன்னு ஒரு பூட்டு போட்ட லாக்கர் குடுங்க, நாங்க பாத்துக்கிறோம்னு சொல்லுங்க. நம்ம பாஸ்போர்ட்லயே இது இந்திய அரசோட சொத்துன்னு அச்சடிச்சிருக்கு, அதுல கை வெக்கிற உரிமை எந்த கஃபீலுக்கும் (நம்மள விசா எடுத்து கூப்பிட்ட ஸ்பான்சர்) கிடையாது. குடுக்க மறுத்தா யுஏஇ-ல தொழிலாளர் அமைச்சகத்துல கம்ப்ளைண்ட் பண்ணலாம், எந்த நாடா இருந்தாலும் நம்ம எம்பசிக்கு போகலாம், மதத்னு வெளியுறவு அமைச்சகத்தோட போர்ட்டல் இருக்கு, ஊர்ல இருந்து வீட்டுக்காரங்களே அதுல புகார் போடலாம். அம்மாவுக்கு முடியலன்னு போன் வந்த ராத்திரி பாஸ்போர்ட்டு ஆபீஸ் அலமாரிக்குள்ள, சாவி வெச்சிருக்கவர் லீவுல இருக்காருன்னா என்ன ஆகும்னு யோசிச்சு பாருங்க. அப்படி போக முடியாம உக்காந்து இருந்தவங்கள நான் பாத்திருக்கேன், அதனால தான் இத இவ்ளோ அழுத்தி சொல்றேன்.

அடுத்து பாக்கெட்ல இருக்க வேண்டிய கார்டு. சவுதில இக்காமா, எமிரேட்ஸ்ல எமிரேட்ஸ் ஐடி, கத்தார்ல கியூஐடி, குவைத்துல சிவில் ஐடி, பஹ்ரைன்ல சிபிஆர். கடைக்கு டீ குடிக்க போனாலும் இது கூட இருக்கணும். நம்பர மனப்பாடம் பண்ணிருங்க, பாக்க பெருசா இருக்கும் ஆனா ஒரு கணக்கு இருக்கு. எமிரேட்ஸ் ஐடி 784-ல ஆரம்பிக்கும், அடுத்த நாலு நீங்க பொறந்த வருஷம். கத்தார் ஐடில முதல் இலக்கத்துக்கு அப்புறம் பொறந்த வருஷத்தோட ரெண்டு இலக்கம், அடுத்து இந்தியான்னா 356, இலங்கைன்னா 144. சவுதி இக்காமா வெளிநாட்டுக்காரங்க எல்லாருக்கும் 2-ல ஆரம்பிக்கும். ஆஸ்பத்திரில மயக்கத்துல இருந்து முழிச்சதும் முதல்ல கேக்குறது இந்த நம்பர தான்.

சவுதில இருக்கவங்க ஒண்ணு கவனிங்க. 2015-க்கு அப்புறம் இக்காமாவுக்கு குடுக்குற முகீம்ங்கிற பிளாஸ்டிக் கார்டு அஞ்சு வருஷ கார்டு, ஆனா இக்காமா அதுக்குள்ள தனியா ஆன்லைன்ல ரினியூ ஆகணும். கார்டு பளபளன்னு புதுசா இருக்கும், உள்ள இக்காமா முடிஞ்சு போயிருக்கும், செக்கிங்ல மெஷின்ல நம்பர போட்டதும் தான் நமக்கே தெரியும். அதனால கார்ட பாத்து நம்பாதீங்க, மாசம் ஒருக்கா அப்ஷர்னு சவுதி அரசோட ஆப்ல போய் பாருங்க. அங்க தேதி ஹிஜ்ரில காட்டுனா இங்கிலீஷ் தேதிக்கு மாத்தி பாருங்க, ஹிஜ்ரி வருஷம் 354 இல்லன்னா 355 நாள் தான், நீங்க நெனச்சத விட பத்து பதினோரு நாள் முன்னாடியே முடியும். ரினியூ பண்ண வேண்டியது கம்பெனி வேலை தான், லேட்டானா அபராதமும் அவங்க தலைல தான், ஆனா ரோட்டுல நிறுத்தி கேக்கும்போது நிக்கிறது நீங்க. எமிரேட்ஸ்லயும் ஐடி முடிஞ்சு 30 நாளுக்கு மேல போனா நாளைக்கு 20 திர்ஹம், 1,000 திர்ஹம் வரைக்கும் ஏறும். 2022-ல இருந்து அங்க பாஸ்போர்ட்ல விசா ஸ்டிக்கரே ஒட்டுறது இல்ல, எமிரேட்ஸ் ஐடி தான் விசாவும், அதனால அந்த கார்டோட மதிப்பு இப்போ டபுள்.

போன்லயே டிஜிட்டல் ஐடி இருக்கே, அப்ஷர், யுஏஇ பாஸ், குவைத் மொபைல் ஐடி எல்லாம் வந்துருச்சேன்னு கேக்கலாம். இருக்கட்டும், கண்டிப்பா போட்டு வைங்க, கார்டு தொலைஞ்சா கை குடுக்கும். ஆனா சைட்ல வேலை பாக்குறவனுக்கு மத்தியானத்துக்குள்ள சார்ஜ் போயிரும், பல சைட்ல போன் உள்ள விடவும் மாட்டாங்க. கார்டு தான் மெயின். கவர்ஆல் போட்டு வெயில்ல நிக்கிறவங்க கார்ட அப்படியே பாக்கெட்ல போடாதீங்க, வேர்வைல எழுத்து அழிஞ்சுரும், சிப்பு கெட்டுரும். சின்ன ஜிப் கவர்ல போட்டு அத பனியனுக்கு உள்ள கழுத்துல தொங்க விடுற பவுச்ல வைங்க. கயிறு கோக்குறதுக்கு கார்ட்லயே ஓட்டை போடாதீங்க, அதோட அந்த கார்டு காலி.

செக்கிங்ல நிறுத்துனா ஓடாதீங்க, இது தான் பெரிய தப்பு. கார்ட குடுங்க, மெஷின்ல பாத்துட்டு திரும்ப வாங்கிக்கோங்க. மஃப்டில வந்து போலீஸ்னு சொன்னா முதல்ல அவங்க கார்ட காட்ட சொல்லலாம், மரியாதையா கேட்டா தப்பில்ல. பர்ஸ குடுன்னு கேட்டா உஷார் ஆயிருங்க, ஐடி பாக்க பர்ஸ் எதுக்கு? சம்பள நாள்ல இப்படி ஏமாத்துற கும்பல் சுத்துது, ஆள் நடமாட்டம் இருக்குற கடை வாசலுக்கு நகந்து போயி பேசுங்க.

கார்ட யாருக்கும் குடுக்காதீங்க. ரூம்மேட் நல்லவனாவே இருக்கட்டும், "ஒரு சிம் மட்டும் உன் பேர்ல எடுத்துக்கிறேன் மச்சான்"னு கேட்டா முடியாதுன்னு சொல்லிருங்க, அந்த சிம்ல நடக்குற எல்லாத்துக்கும் பதில் சொல்ல வேண்டியது நீங்க. எங்கயாவது ஜெராக்ஸ் குடுக்க வேண்டி வந்தா அது மேலயே குறுக்கால எதுக்குன்னும் தேதியும் எழுதிக் குடுங்க. ஐடி அப்டேட் பண்ணணும் ஓடிபி சொல்லுன்னு போன் வந்தா கட் பண்ணுங்க, எந்த நாட்டு போலீசும் போன்ல ஓடிபி கேக்காது.

வீட்டுக்கு அனுப்ப வேண்டியது தனியா சொல்லணும். பாஸ்போர்ட் ரெண்டு பக்கம், ஐடி கார்டு முன்னும் பின்னும், விசா, வேலை ஒப்பந்தம், இன்சூரன்ஸ் பேப்பர், கம்பெனி பேரு, கேம்ப் லொக்கேஷன், கூட தங்கியிருக்குற ரெண்டு பேரோட நம்பர். இத வீட்டம்மா போன்ல மட்டும் அனுப்பாம ஒரு பிரிண்ட் எடுத்து பீரோல வெக்க சொல்லுங்க. வெளிநாட்டுல ஒருத்தருக்கு ஏதாவது ஆகிப்போச்சுன்னா கலெக்டர் ஆபீஸ்ல இருந்து எம்பசி வரைக்கும் எல்லாரும் கேக்குற முதல் விஷயம் பாஸ்போர்ட் நம்பர், ரெண்டாவது அந்த நாட்டு ஐடி நம்பர். அது தெரியாம கம்பெனி பேர கூட தப்பா சொல்லிட்டு நாள் கணக்குல அலைஞ்ச குடும்பங்க இருக்கு. பொண்டாட்டி பயந்துருவாங்கன்னு சொல்லாம விடாதீங்க.

கடைசியா, தொலைஞ்சு போச்சுன்னா. ஐடி கார்டுன்னா அன்னைக்கே கம்பெனில சொல்லி அந்த நாட்டு ஆப்லயோ ஆபீஸ்லயோ ரிப்போர்ட் பண்ணுங்க, எமிரேட்ஸ்ல புது கார்டுக்கு 300 திர்ஹம், அதுக்கு மேல சர்வீஸ் சார்ஜ். பாஸ்போர்ட்டுன்னா முதல்ல போலீஸ் ரிப்போர்ட், அப்புறம் அந்த ரிப்போர்ட், பழைய பாஸ்போர்ட் காப்பி, ஐடி, போட்டோ எல்லாத்தோடயும் எம்பசியோட பாஸ்போர்ட் சென்டர். அவசரமா ஊருக்கு போகணும்னா எமர்ஜென்சி சர்டிபிகேட் குடுப்பாங்க, அது இந்தியாவுக்கு ஒரு வழி மட்டும் தான், அத வெச்சு திரும்ப வேலைக்கு வர முடியாது, ஊர்ல புது பாஸ்போர்ட் எடுத்தாகணும். அதனால திரும்பி வர்ற ஐடியா இருந்தா அங்கயே புது பாஸ்போர்ட் வாங்க முடியுமான்னு முதல்ல கேளுங்க. புது பாஸ்போர்ட் கைக்கு வந்ததும் அந்த நம்பர இக்காமாவுல மாத்த சொல்லி மந்தூப்ப விடாம பிடிங்க, ஏர்போர்ட்ல போய் நின்னு பழைய நம்பர் காட்டுதுன்னு மாட்டிக்காதீங்க, அப்புறம் பேங்க்லயும் மாத்துங்க, வீட்டு பீரோல இருக்குற பிரிண்ட்டையும் மாத்த சொல்லுங்க.