வீட்டுச் சாமான வரையுறப்போ கலர்ல பண்ணக்கூடாத தப்புகள்

ஸ்டில் லைஃப்ல, அதாவது சாமான்கள முன்னாடி வச்சுப் பாத்து வரையுற படத்துல, கலர வச்சு வெளையாடணும்னு வர்ற புதுப் பசங்க, நாங்கல்லாம் ஆரம்பத்துல பண்ண அதே தப்பத்தான் திரும்பப் பண்றாங்க, பாத்துட்டு சும்மா இருக்க முடியல. பிரஷ்ஷ கழுவு, பெயின்ட் மூடிய மூடுன்னெல்லாம் சொல்லப் போறதில்ல.

நிழலுக்குக் கறுப்பு

எடுத்ததும் கறுப்புல கை வைக்காதீங்க. நிழல்லயும் கலர் இருக்கு, பாருங்க.

எதையும் கலக்காம எல்லாத்தையும் டியூப் கலர்லயே அடிக்கறது

இதப் பாத்தா எனக்கு இன்னிக்கும் எரிச்சல் வரும். எக்ஸ்பிரசிவ்னா, அதாவது உணர்ச்சியக் காட்டற படம்னா, எல்லா கலரும் கத்தணும்னு யார் சொன்னது? சமீபத்துல ஒரு பொண்ணு பச்ச பிளாஸ்டிக் கொடம், எவர்சில்வர் டம்ளர், ரெண்டு தக்காளி வச்சு அக்ரிலிக் பெயின்ட்ல வரைஞ்சுட்டிருந்தா, கொடம் பளீர் பச்ச, மேஜ பளீர் நீலம், செவுரு பளீர் மஞ்சள், தக்காளிக்கு காட்மியம் ரெட், அது விக்கற வெலையில பாதி டியூப் காலி, ஆனா தக்காளி மட்டும் எடுப்பாத் தெரியவே இல்ல. செவப்பு பத்தலன்னு இன்னும் அப்புறா. செவப்ப விடும்மா, செவுத்த மாத்துன்னேன். மஞ்சள்ல துளி ஊதா கலந்து மங்கலா அடிச்சா, தக்காளி முன்னாடி வந்து நின்னுச்சு. டம்ளரோட வளைவுல கொடத்தோட பச்ச ஒரு கோடா விழுந்திருந்தது, அதுவும் அப்பத்தான் அவ கண்ணுல பட்டுச்சு.

பக்கத்துக் கலர் இப்படி வேல காட்டறது புதுசு இல்ல. பாரிஸ்ல கோபெலான் நெசவுக்கூடத்துல சாயத்தப் பாத்துக்கிட்டவர் செவ்ரூல்னு ஒரு வேதியியலாளர். கறுப்பு நூல் சரியா கறுக்கலன்னு புகார் வந்தப்போ, சாயத்துல குறையில்ல, பக்கத்துல இருக்கற நெறம்தான் கறுப்ப அமுக்குதுன்னு கண்டுபிடிச்சு, 1839ல புத்தகமே போட்டார். ஓவியர் மத்தீஸோட 'சிவப்பு ஸ்டுடியோ' (1911) படத்தயும் தேடிப் பாருங்க, முதல்ல நீலச் செவுரு, பிங்க் தரைன்னு வரைஞ்சுட்டு அப்புறம்தான் சில சாமானயும் படங்களயும் விட்டுட்டு மத்த எல்லாத்து மேலயும் ஒரே செவப்ப பூசினார். மேஜ, நாற்காலி எல்லாம் வெறும் கோடாயிடுச்சு, அதனாலதான் அதுல இருக்கற தட்டும் படங்களும் அவ்வளவு பளிச்சுன்னு தெரியுது. யார் பேசணும், யார் சும்மா இருக்கணும்னு அவர் முடிவு பண்ணிட்டார், நம்ம பசங்க அந்த முடிவத்தான் எடுக்க மாட்டேங்கறாங்க.

ஃபோன் ஃபோட்டோவப் பாத்து வரையுறது

கொடம் வீட்லயே இருக்கு. எடுத்து முன்னாடி வைங்க.

ஈரத்துல ஷேட் பாக்கறது

அக்ரிலிக் காஞ்சா டார்க் ஆகும். ஓரமா ஒரு பேப்பர்ல தடவி, காயவிட்டுப் பாத்துட்டு அப்புறம் கேன்வாஸுக்குப் போங்க.

தாலோ ப்ளூ

இது ரொம்ப வீரியமான நீலம், குண்டூசித் தல அளவு எடுங்க. வெள்ளையில கலந்து பாத்துட்டு பத்தலன்னா மட்டும் இன்னொரு குண்டூசித் தல.