நன்கொடை விழாவுக்குப் படம் எடுக்கப் போகிறீர்களா?

சேலத்தில் கல்யாணம் எடுக்கிற நாங்கள்தான் அறக்கட்டளை விழாக்களுக்கும் போகிறோம். மண்டபம் அதே மண்டபம், வேலைதான் வேறு. அட்வான்ஸ் வாங்கும்போதே செயலாளரிடம் கேட்டுவிடுங்கள்: படம் யாருக்குப் போகிறது? பத்திரிகைக்கா, ஆண்டறிக்கைக்கா, சி.எஸ்.ஆர் (கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு) நிதி கொடுத்த கம்பெனிக்கா? பத்திரிகைக்கு என்றால் விழா முடியும் முன்பே இரண்டு மூன்று படங்கள், இடமிருந்து வலமாகப் பெயர் வரிசையோடு கிளம்பியாக வேண்டும்.

குத்துவிளக்கு ஏற்றும்போது பிளாஷ் வேண்டாம், சுடரின் மஞ்சள் வெளிச்சம் முகத்திலிருந்து போய்விடும். லென்ஸ் திறப்பு எஃப் 2.8, ஒளி உணர்திறன் ஐஎஸ்ஓ 3200, ஷட்டர் 1/100 நொடி. ஏன் 1/100? நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். மண்டபத்து மலிவு எல்.இ.டி விளக்குகள் நொடிக்கு 100 முறை மினுக்கும். ஷட்டர் அதோடு ஒத்துப்போகாவிட்டால் படத்தில் பட்டை பட்டையாகக் கோடு விழும். மேடைக்குப் பின்னால் எல்.இ.டி திரை இருந்தால் அதன் கணக்கே தனி, கூட்டம் வருமுன் சோதித்துப் பாருங்கள்.

பொன்னாடை போர்த்துகிறவரின் முதுகுதான் எல்லார் படத்திலும் இருக்கும். மேடைப் படிக்கட்டுப் பக்கம் நில்லுங்கள். "போர்த்திட்டு ஒரு நொடி இந்தப் பக்கம் திரும்புங்கண்ணா" என்று முன்கூட்டியே சொல்லி வைத்தால் போதும்.

அப்புறம் மேடையை விட்டு இறங்குங்கள். மூன்றாவது வரிசையில் ஒரு பெரியவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, அழைப்பிதழை முழங்காலில் வைத்து அதன்மேல் செக் எழுதிக்கொண்டிருப்பார். அடுத்த வருட அழைப்பிதழுக்கு அந்தப் படம்தான் வேண்டும், மாதிரிக் காசோலையைப் பிடித்துக்கொண்டு நிற்கிற பத்துப் பேர் அல்ல.

விழாவுக்கு வரும் காப்பக இல்லத்துக் குழந்தைகள் விஷயத்தில் கறாராக இருங்கள். பாதுகாப்பு தேவைப்படும் குழந்தையின் படத்தை வெளியிடக் கூடாது என்கிறது 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 74ஆவது பிரிவு. வரைகிற கை, ஆடுகிற கால், பின்னலில் வைத்த கனகாம்பரம் போதும். நோட்டுப் புத்தகம் வாங்கும் குழந்தையை நிமிர்ந்து பார்க்கச் சொல்வதை, யார் கேட்டாலும் நான் செய்வதில்லை.

விழா ஏற்காட்டில் என்றால் பனிமூட்டம். ஏசி காரில் இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறி வந்த கேமராவை உடனே வெளியே எடுத்தால் லென்ஸ் வியர்த்துவிடும். பையை மூடியபடியே அரைமணி நேரம் வைத்திருங்கள். மூட்டத்தில் பிளாஷ் அடித்தால் வெள்ளைப் புள்ளிகள்தான் மிஞ்சும்.

"சேவைதானே, சும்மா எடுத்துக் கொடுங்க" என்பார்கள். குறைத்துக் கொள்ளலாம், தப்பில்லை. ஆனால் பில்லில் முழுத் தொகையையும் எழுதி, கழித்ததைத் தனி வரியாகக் காட்டுங்கள்.