ஆக்டிவ் பேஸ் கிதாரில் பேட்டரி சீக்கிரம் தீர்கிறதா?

ஆக்டிவ் பேஸ் கிதார்கள் (பேட்டரியில் இயங்கும் மின்சுற்று உள்ளே பொருத்தப்பட்ட பேஸ் கிதார்கள்) பெரும்பாலானவற்றில் கேபிள் செருகும் ஜாக்கே சுவிட்சாகவும் இயங்குவதால், ஒலியளவை முழுவதும் குறைத்து வைத்திருந்தாலும் கேபிள் செருகியிருக்கும்வரை உள்ளிருக்கும் 9 வோல்ட் பேட்டரி செலவாகிக்கொண்டேதான் இருக்கும். ஆகவே நாகர்கோவில், மார்த்தாண்டம் வட்டார ஆலயங்களில் பாடகர் குழுப் பயிற்சி முடிந்ததும் கிதாரை அப்படியே ஸ்டாண்டில் நிறுத்திவிட்டுப் போகாமல், ஆம்பின் (ஆம்ப்ளிஃபையரின்) ஒலியைக் குறைத்த பிறகு கேபிளின் கிதார்ப் பக்க முனையைக் கழற்றிவிட வேண்டும். ஆம்ப் பக்கத்தில் மட்டும் கழற்றுவதால் பயனில்லை.

கம்பியை வலுவாக மீட்டும்போது ஒலி கரகரத்தாலோ, மல்டிமீட்டரில் 7.5 வோல்ட்டுக்குக் கீழே காட்டினாலோ பேட்டரியை மாற்றிவிடலாம். விலை சற்றுக் கூடினாலும் ஆல்கலைன் வகையே நல்லது. குளச்சல், முட்டம் போன்ற கடலோர ஊர்களில் உப்புக்காற்றால் பேட்டரி கிளிப்பில் களிம்பு படியும் என்பதால், அதையும் அவ்வப்போது உலர்ந்த துணியால் துடைத்துவிடுங்கள்.