அப்பாவைப் பற்றி எழுதி வைக்க நினைக்கிறீர்களா? முதலில் அவருடைய போனை எடுத்து வையுங்கள்

அப்பா போன பிறகு, பேரப்பிள்ளைகளுக்குத் தாத்தா யார் என்று தெரிய வேண்டும், அவரைப் பற்றி ஏதாவது எழுதி வைக்க வேண்டும் என்று வீட்டில் யாருக்காவது தோன்றும். எனக்குத் தோன்றியது. ஒரு நோட்டை எடுத்து "என் அப்பா மிகவும் அன்பானவர், நேர்மையானவர்" என்று ஆரம்பித்தேன், அரைப் பக்கத்தில் கை நின்றுவிட்டது. ஊரில் உள்ள எல்லா அப்பாவுக்கும் பொருந்துகிற வாக்கியம் அது. எழுதுவதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், எது சீக்கிரம் காணாமல் போகுமோ அதை முதலில் காப்பாற்றுங்கள். வரிசை அப்படித்தான் இருக்க வேண்டும்.

முதலில் காணாமல் போவது குரல். முகத்துக்குப் போட்டோ இருக்கிறது, குரலுக்கு எதுவும் இல்லை என்று நினைத்துக்கொள்வோம், ஆனால் பெரும்பாலும் இருக்கும். அவருடைய போனை யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள், "சும்மாதானே கிடக்கிறது" என்று அழித்துப் புதிதாக்கியும் விடாதீர்கள். சிம்மை ரீசார்ஜ் செய்து கொஞ்ச காலம் உயிரோடு வைத்திருங்கள். விட்டுவிட்டால் அந்த எண் வேறு யாருக்காவது போய்விடும், அவருடைய மின்னஞ்சலைத் திறக்கும் ஓடிபியும் அதோடு போய்விடும். வாட்ஸ்அப் கணக்கைப் பொதுவாக 120 நாள் பயன்படுத்தாமல் விட்டால் அதை அழித்துவிடுவார்கள். கூகுள் கணக்கு என்றால் 2 வருடம்.

அவர் உங்களுக்கு அனுப்பிய வாய்ஸ் நோட்டுகள் உங்கள் போனிலும் இருக்கும். அந்த உரையாடலைத் திறந்து, மீடியாவோடு சேர்த்து ஏற்றுமதி செய்து, கணினியில் போட்டுவிடுங்கள். கோப்புகள் ஓபஸ் வடிவத்தில் வரும். அதை அப்படியே வைத்துக்கொண்டு, எல்லாக் கருவியிலும் கேட்க எம்பி3 ஆக இன்னொரு நகல் எடுங்கள். "வரும்போது குடையை மறக்காதே" என்று 6 விநாடி இருந்தாலும் விடாதீர்கள். உறவினர்களிடமும் கேளுங்கள். குறிப்பாக அவர் எடுத்த வீடியோக்களைத் தேடுங்கள், ஏனென்றால் படத்தில் அவர் இருக்கமாட்டார், கேமராவுக்குப் பின்னாலிருந்து "கொஞ்சம் இடது பக்கம் நகரு" என்று சொல்லிக்கொண்டிருப்பார். எங்கள் வீட்டில் கிடைத்ததிலேயே நல்ல குரல் பதிவு அதுதான்.

அடுத்து மனிதர்கள். அப்பாவின் சிறு வயதை நேரில் பார்த்தவர்கள் எத்தனை பேர் இன்னும் இருக்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். அவர்களில் மூத்தவரிடமிருந்து தொடங்குங்கள், இந்த மாதமே. போகும்போது ஒரு பழைய போட்டோவைக் கையோடு கொண்டு போங்கள். "அப்பா எப்படிப்பட்டவர்?" என்று கேட்டால் "தங்கமான மனுஷன்" என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். "இந்தப் போட்டோவில் ஏன் இவ்வளவு கோபமாக நிற்கிறார்?", "முதல் சம்பளத்தில் என்ன வாங்கினார்?", "உங்களிடம் எதற்காவது அடி வாங்கியிருக்கிறாரா?" என்று கேளுங்கள், கதை தானாக வரும். வயதானவர்களுக்கு 10 வயதிலிருந்து 30 வயது வரை நடந்தவைதான் அதிகம் நினைவில் நிற்கும் என்று உளவியலில் சொல்கிறார்கள், அதனால் அந்தக் காலத்தை நிதானமாகக் கேளுங்கள். போனை ஏரோபிளேன் மோடில் போட்டு, மடித்த துணி மேல் வைத்துப் பதிவு செய்யுங்கள். முடிந்தால் மின்விசிறியை நிறுத்துங்கள், அந்த இரைச்சல் பதிவில் நாம் நினைப்பதைவிட அதிகமாகக் கேட்கும். முக்கால் மணி நேரத்துக்கு மேல் வேண்டாம், இன்னொரு நாள் போய்க்கொள்ளலாம்.

இரண்டு பேர் சொல்வது ஒத்துப்போகாது. அப்பா படிப்பை நிறுத்தியதற்கு அத்தை ஒரு காரணம் சொன்னார், சித்தப்பா அதற்கு நேர் எதிராக இன்னொன்று சொன்னார். எது உண்மை என்று தீர்ப்புச் சொல்ல நாம் யார்? யார் சொன்னது என்று பெயர் போட்டு இரண்டையும் எழுதிவிட்டேன்.

போட்டோக்கள் கொஞ்சம் காத்திருக்கும், ஒட்டும் பக்கங்கள் கொண்ட பழைய ஆல்பங்களைத் தவிர. அந்தப் பசை நாளாக ஆகப் படத்தைக் கெடுக்கும். பிய்த்து எடுக்காதீர்கள், பல் இடுக்கைச் சுத்தம் செய்யும் மெழுகில்லாத நூலைப் படத்துக்குக் கீழே விட்டு மெதுவாக அறுத்து எடுங்கள், வரவில்லை என்றால் பக்கத்தோடு ஸ்கேன் செய்துவிடுங்கள். 600 டிபிஐ (ஒரு அங்குலத்துக்கு 600 புள்ளி) போதும், 4க்கு 6 அங்குலப் படம் 2400க்கு 3600 பிக்சல் வரும். படத்தின் பின்னால் எழுத மென்மையான பென்சில்தான், பால்பாயிண்ட் பேனா முன்பக்கத்தில் புடைக்கும். பெயர் நிச்சயமில்லாத முகத்துக்குப் பக்கத்தில் கேள்விக்குறி போடுங்கள், ஊகத்தை எழுதிவிட்டால் அடுத்த தலைமுறைக்கு அதுவே வரலாறு. குடும்பத்துக்குப் பகிரும்போது வாட்ஸ்அப்பில் டாக்குமென்டாக அனுப்புங்கள், போட்டோவாக அனுப்பினால் தரம் குறைந்துவிடும். மொத்தம் 3 நகல், 2 வகைக் கருவியில், 1 வேறு வீட்டில். பென் டிரைவை மட்டும் நம்ப வேண்டாம்.

சரி, இப்போது எழுதலாம். நான் கண்டுபிடித்த ஒரே வழி, குணத்தைச் சொல்லும் வார்த்தைகளை எல்லாம் அடித்துவிட்டு அந்த இடத்தில் அவர் செய்த ஒன்றை வைப்பது. "சிக்கனமானவர்" என்று எழுதியிருந்தேன். அதை அடித்துவிட்டு, கிழித்த காலண்டர் தாளின் பின்பக்கத்தில்தான் கணக்கு எழுதுவார், அந்தத் தாள்களைத் தேதி வாரியாகக் கட்டி வைத்திருந்தார் என்று எழுதினேன். ஆள் கண்முன்னே வந்துவிட்டார்.

இன்னொன்று. அப்பாவும் தாத்தாவும் ஒரே ஆள் இல்லை, இதை எழுத உட்கார்ந்த பிறகுதான் எனக்கே உறைத்தது. எங்களை அவருடைய ரேடியோவைத் தொடவே விடமாட்டார், ஒருமுறை குமிழைத் திருகியதற்கு நான் ஒரு வாரம் திட்டு வாங்கினேன். 25 வருடம் கழித்து என் மகள் அதே ரேடியோவைக் கழற்றிப் போட்டுக்கொண்டிருந்தபோது, பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு ஸ்க்ரூடிரைவராக எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். எனக்கு அன்று கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது. இந்த இரண்டு ஆளையும் எழுதுங்கள். அவருடைய கோபத்தை மறைத்துவிட்டால், பின்னால் அவர் கனிந்ததற்கு மதிப்பே இல்லாமல் போய்விடும். ஆனால் இன்னொருவரைக் காயப்படுத்தும் குடும்ப ரகசியம் வேறு விஷயம், அந்த ஆளைக் கேட்காமல் அதை எழுதாதீர்கள்.

பேரப்பிள்ளைகள் சொல்வதைத் திருத்தாமல் அவர்கள் வார்த்தையிலேயே எழுதி, சொன்ன தேதியையும் அவர்கள் வயதையும் குறித்துவிடுங்கள். "தாத்தா மூக்குக்கண்ணாடியைத் தேடும்போது நான் சொல்லமாட்டேன், அது அவர் தலையிலேயே இருக்கும்" என்பதை எந்தப் பெரியவரும் இவ்வளவு நன்றாக எழுத முடியாது.

நினைவுக் கூட்டத்தில் பேச வேண்டியிருந்தால், எல்லாவற்றையும் சொல்ல முயலாதீர்கள். ஒரு சம்பவம், 5 நிமிடம். கடிகாரம் வைத்து வாய்விட்டு இரண்டு முறை படித்துப் பாருங்கள், பெரிய எழுத்தில் அச்செடுங்கள், குரல் உடைந்தால் தொடர்ந்து படிக்க இன்னொருவரிடம் ஒரு நகல் கொடுத்து வையுங்கள்.

எழுதி முடித்ததும் அச்சுக்குப் போவதற்கு முன் வீட்டில் எல்லோரிடமும் கொடுங்கள். அம்மா எங்களுடையதை இரண்டு நாள் வைத்திருந்து படித்தார், அழுவார் என்று பயந்துகொண்டிருந்தேன். மூன்றாவது நாள் கூப்பிட்டு ஒரே ஒரு திருத்தம் சொன்னார்: "அது அவர் ரேடியோ இல்லை, நான் வாங்கியது." சேர்த்துவிட்டேன்.