இணைப்பு வேறு, நகல் வேறு: திறந்த தரவுத்தளங்களில் உரிமத் தவறுகள்

சென்னை நூலகங்களுக்கு ஒரு பட்டியல் தயாரிப்பவர்கள், கன்னிமாரா, அண்ணா நூற்றாண்டு நூலகம் என ஒவ்வொன்றின் பெயரோடும் விக்கித்தரவு (யாரும் திருத்தக்கூடிய தகவல் தரவுத்தளம்), ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் (அதேபோல் பலர் கூடி உருவாக்கும் உலக வரைபடம்) ஆகியவற்றில் அதற்குரிய எண்களையும் குறித்து வைப்பதுண்டு. இதற்கே உரிமம் பெற வேண்டுமோ என்று தயங்குவது முதல் தவறு. அடையாள எண் ஒரு பதிவைச் சுட்டிக்காட்டுகிறதே தவிர, அதன் உள்ளடக்கத்தை எடுத்துக்கொள்வதில்லை.

இணைப்புதான் கொடுத்தாயிற்றே, ஆயத்தொலைவுகளையும் (இடத்தைக் காட்டும் அட்சரேகை, தீர்க்கரேகை எண்கள்) முகவரிகளையும் சேர்த்தே கொண்டுவந்துவிடலாம் என்று நினைப்பதுதான் பெருந்தவறு. விக்கித்தரவின் தரவுகள் எந்த நிபந்தனையும் இல்லாத சிசி ஜீரோ (CC0) உரிமத்தில் உள்ளன. ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்போ 2012 முதல் தரவுத்தளங்களுக்கான ஓடிபிஎல் (ODbL) உரிமத்தில் இயங்குகிறது. மூலத்தைக் குறிப்பிட வேண்டும், அதிலிருந்து உருவாக்கிய தரவுத்தளத்தைப் பொதுவில் பயன்படுத்தினால் அதையும் அதே உரிமத்தில் தர வேண்டும் என்பவை அதன் நிபந்தனைகள். ஆகவே அங்கிருந்து விக்கித்தரவுக்குத் தரவுகளை மொத்தமாகப் பெயர்த்தால், அந்த நிபந்தனைகள் வழியிலேயே உதிர்ந்துவிடும். ஓரிரு நூலகங்களின் விவரம் பொருட்படுத்தப்படாது. ஆனால், சிறிது சிறிதாகத் தொடர்ந்து எடுத்து முழுப் பட்டியலையும் நிரப்புவது மொத்தமாக எடுப்பதற்கே சமம்.

எதிர்த்திசையில், அதாவது விக்கித்தரவிலிருந்து ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்புக்குக் கொண்டுசெல்ல, உரிமம் தடுக்காது என்றாலும் எச்சரிக்கை தேவை. விக்கித்தரவின் ஆயத்தொலைவுகளில் பல, விக்கிப்பீடியாக் கட்டுரைகளிலிருந்து வந்தவை. அக்கட்டுரையாளர்கள் வணிக வரைபடங்களைப் பார்த்துக் குறித்திருக்கவும் கூடும். தனக்கு உரிமையில்லாத ஒன்றை ஒருவர் சிசி ஜீரோவில் இட்டுவிட்டால் அது தூய்மையாகிவிடாது.

நூற்பட்டியல் பதிவு திறந்த உரிமத்தில் இருப்பதால் நூலும் அப்படியே என்று கொள்வது இன்னொரு குழப்பம். இந்தியாவில் நூலின் பதிப்புரிமை, ஆசிரியர் மறைந்த பிறகும் 60 ஆண்டுகள் நீடிக்கிறது. நாட்டுடைமையாக்கப்பட்ட நூல்களின் நிலை மட்டும் வேறு.

ஐரோப்பிய ஒன்றியம் 1996-இல் உருவாக்கியதைப் போன்ற தனித் தரவுத்தள உரிமை (தரவுகளைத் திரட்டிய முதலீட்டுக்கே தரும் பாதுகாப்பு) இந்தியாவில் இல்லை என்பது உண்மையே. 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் கணினித் தரவுத்தளங்களை இலக்கியப் படைப்புகளுள் சேர்த்தாலும், வெறும் உழைப்பு மட்டும் பதிப்புரிமைக்குப் போதாது என்று உச்ச நீதிமன்றம் 2007-இல் தீர்ப்பளித்தது. இதைக் காட்டி, சென்னையில் இருந்துகொண்டு எந்தத் தரவுத்தளத்திலிருந்தும் அள்ளலாம் என்று வாதிடுவோர், ஓடிபிஎல் ஓர் ஒப்பந்தமாகவும் எழுதப்பட்டிருப்பதைக் கவனிப்பதில்லை. அந்தப் பட்டியலை ஐரோப்பாவில் ஒருவர் மறுபயன்பாடு செய்யும்போது அங்குள்ள சட்டமும் குறுக்கே வரக்கூடும்.

உரிமம் எதையும் குறிப்பிடாத தளத்தைத் திறந்த தளமாகக் கருத வேண்டாம்; அதன் பதிவுகளுக்கு இணைப்பு தரலாம், பட்டியலைப் பெயர்ப்பதற்கு முன் அனுமதி கேட்க வேண்டும்.